ஸுஹைல் வரும்வரைக்குமான வாடகை

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். வாசலைப் பார்த்த பிரம்புக் கதிரையில் வீட்டுக்காரி ஹமீமா உம்மா. சோபாவின் நுனியில், எழுந்து ஓடப்போகிறவனைப் போல, மேல்மாடியில் குடியிருக்கும் ஜீவராஜ். அவனுக்குப் பக்கத்தில் மனைவி நிஷாந்தி. நடுவிலே ஸ்டூலின் மேல், சீனிப் போத்தலில் சாய்த்துவைத்த போனுக்குள், கட்டாரில் வேலை செய்யும் ஒரே மகன் ஸுஹைல். அவனுடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

பேச வேண்டியது மாடி வாடகையைப் பற்றி. மாத்தளை டவுனில் எல்லோரும் கூட்டிவிட்டார்கள். ஜீவராஜ் குடிவந்து பதினொரு வருடமாகியும் இங்கே ஒரு ரூபாய் ஏறவில்லை.

"எப்ப சரி கூட்டத்தானே வேணும் உம்மா. மேல கூரையும் ஒழுகுதாமே," என்றது நெற்றி.

"கூட்டத்தான் ஈக்கி மகன். நீ வாற நேரம் பாத்து..."

ஹமீமா உம்மா எப்போதும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார். அந்த மாடியை அவருடைய கணவர் மகனுக்கென்றே கட்டினார். மாடியின் உறுதிப் பத்திரமும் மகன் பெயரில்தான். மகன் கட்டாருக்குப் போனபோது, சும்மா பூட்டிக் கிடக்க வேண்டாமே என்று, "ஸுஹைல் வரும்வரைக்கும்" என்று சொல்லிக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார்கள். முழு வாடகை வாங்கினால் பிறகு வீட்டை விட்டு எழும்பச் சொல்ல வாய் வராது என்பது உம்மாவின் கணக்கு. அதைத் தன் தாராள மனசு என்றும் நம்பியிருந்தார்.

ஜீவராஜ் தொண்டையைச் செருமினான். "நாங்களும் அதப் பேசத்தாங்க வந்தோம். கூட்டிக்கங்க உம்மா."

உம்மா தயாராக வைத்திருந்த சமாதான வார்த்தைகளுக்கெல்லாம் வேலை இல்லாமல் போயிற்று. "ஏன்டா ஜீவா, நீ தம்புள்ளையில மரக்கறி ஏத்துறவன்தானே? வெலயக் கூட்டச் சொல்லிக் கேக்கிற ஆள அங்க கண்டீக்கியா?"

"இல்லீங்க," என்று சிரித்தான். "ஆனா மூணு வருசத்துக்கு எழுதித் தரணுங்க. யட்டவத்தயில ஒரு வீட்டுல அப்படித் தர்றேன்னு சொல்றாங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

அதுவரை வாய் திறக்காத நிஷாந்தி பேசினாள். "ஒவ்வொரு ஹஜ் பெருநாளைக்கும் தம்பி வர்றாருன்னு சொல்வீங்க. நானும் கடை கடையா காட்போட் பெட்டி வாங்கிட்டு வந்து சட்டிபானையக் கட்டுவேன். பெருநாள் முடிஞ்சதும், நீங்க அனுப்புன வட்டிலாப்பத்தத் தின்னுக்கிட்டே அவுத்து வைப்பேன்." சிரிக்கத்தான் பார்த்தாள். "செவுத்துல ஒரு ஆணி அடிச்சதில்லீங்க உம்மா. சாமிப் படத்தக்கூட அலுமாரி மேல சாத்தித்தான் வச்சிருக்கோம்."

ஹமீமா உம்மாவுக்கு இது தெரியாது. பெருநாளைக்குப் பெருநாள் மாடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்கும். வீடு கழுவுகிறார்கள் என்று நினைத்திருந்தார்.

போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மகன், இந்தப் பெருநாளைக்கி?"

"அடுத்த வருசம் பாப்பம் உம்மா. சின்னவளுக்கு இங்க ஸ்கூல் கெடச்சீக்கி. உங்கட மருமகள் றமீஸாவும் வேலைக்கிப் போற. நீங்க எழுதிக் குடுங்க, எனக்கென்ன. பேப்பர அனுப்பினா சைன் வெச்சி அனுப்புறன்."

எனக்கென்ன. குளியலறைக்குப் பச்சை டைல்ஸ்தான் வேண்டும் என்று வாப்பாவோடு ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த பிள்ளை அது.

"ரெண்டு நாள் பொறுங்க," என்று மட்டும் மற்ற இருவரிடமும் சொன்னார்.

பின்னேரம் தனியே இருந்தபோது மாடியில் யாரோ நடந்தார்கள். அந்தக் காலடியைச் சில வேளை மகனுடையதாக வைத்துக்கொள்வது அவர் வழக்கம். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கு அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை. அது குதிகாலை அழுத்தி நடக்கும் ஜீவராஜ்தான். யட்டவத்தைக்குப் போய்விட்டால் மேலே யாருமே நடக்க மாட்டார்கள்.

மேசையில் தாளை விரித்தார். கை பழக்கத்தில் "ஸுஹைல் வரும்வரை" என்று தொடங்கியது. கிழித்துப் போட்டார். இரண்டாவது தாளில் மூன்று வருடம் என்று எழுத்திலும் இலக்கத்திலும் எழுதினார். வாடகையை ஊர் விலைக்கு ஏற்றாமல் நடுவில் நிறுத்தினார். எப்போதிருந்து என்ற இடத்தில் யோசித்தார். ஜனவரியில் ஜீவராஜ் வீட்டுக்குப் பொங்கல் செலவும் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் சேர்ந்து வரும். பெப்ரவரி என்று போட்டார். இடையில் எழுப்புவதில்லை என்பதைத் தனி வரியாக எழுதிக் கீழே கோடிழுத்தார்.

செவ்வாய்க்கிழமை அதை நிஷாந்தியிடம் வாசித்துக் காட்டினார். அவள் இரண்டு கையாலும் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தபால் கந்தோரில் உறையை ஒட்டப்போன உம்மா, ஒரு துண்டுத் தாள் கேட்டு வாங்கினார். பேனையை உதறி உதறி எழுதினார்.

"மகன், இந்தத் தாளில் கையெழுத்து வை. தபாலில் அனுப்பினால் போதும். நீயே கொண்டுவந்தாலும் சரிதான், கீழே என்னோடு இருக்கலாம். நாள் மட்டும் முன்கூட்டிச் சொல்லாதே. இனி யாரும் உனக்காகப் பெட்டி கட்ட வேண்டாம்."

துண்டை உள்ளே வைத்துப் பசை தடவினார். உள்ளங்கையால் நன்றாக அழுத்திவிட்டுப் பதிவுத் தபாலுக்குக் கொடுத்தார்.