எர்த் கொடுக்காத டிஷ்

அரவிந்தன் சார் போன் செய்தபோது கடையில் நான்தான் இருந்தேன். சிங்காரத்தோப்பில் டிஷ், கேபிள், ரிமோட் விற்கிற கடை. ஈ.சி.இ. முடித்துவிட்டு அங்கே கவுண்ட்டரில் நிற்கிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். மிதித்து வந்து சேர்ந்த இடம் இது.

"ஏம்மா, என் ஆறடி டிஷ்ல ரெண்டு சாட்டிலைட் வருது. இன்னும் ரெண்டு சேக்கணும். என்னென்ன வாங்கணும்?"

"அட்ரஸ் சொல்லுங்க சார்."

ஸ்ரீரங்கத்தில் ஒரு தெருவைச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வீட்டு மொட்டைமாடியிலிருந்துதான் போன ஐப்பசி மழையில் என் அண்ணன் பிரவீன்ராஜ் விழுந்தான். டிஷ் மாட்டுவது அவன் தொழில். அவன் மாடி மாடியாக ஏறி இறங்கிய கூலியில்தான் நான் படித்தேன். இப்போது இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் அரியமங்கலத்தில் படுத்திருக்கிறான்.

"டிஷ்ஷைத் தொட்டேன், ஷாக் அடிச்சுச்சு" என்று நினைவு திரும்பிய நாளிலிருந்து சொல்கிறான். எவரும் நம்பவில்லை. முந்தின ராத்திரி குடித்திருந்தான், ஆஸ்பத்திரியில் வாயில் வாடை இருந்தது. போதையில் கால் தவறிவிட்டான் என்று அந்த வீட்டுக்காரர், இதே அரவிந்தன் சார்தான் சொன்னார். போலீஸ் அதையே எழுதிக்கொண்டது. அண்ணி லிசியும் அதையே நம்பினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொட்டியத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். "குடிகாரனுக்கு நான் எத்தனை காலம் பீ அள்ளுறது அமலா?" என்கிறாள். எங்களுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. நான் கடைக்குப் போகாவிட்டால் அரிசி இல்லை. லிசி போய்விட்டால் பகலெல்லாம் அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது.

"நேர்ல வந்து பாத்துதான் சார் சொல்ல முடியும்" என்றேன்.

அண்ணனையும் குழந்தையையும் அரை நாள் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டு அக்காவிடம் கெஞ்சிவிட்டு, அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"எதுக்கு? அவர் விழுந்த எடத்தைக் காட்டி என்னை அழ வைக்கவா?"

"அழுறதை வீட்டுல வச்சுக்கலாம் அண்ணி. ஹெல்பர்னு சொல்லுறேன், அவரு நம்மளப் பாத்ததில்ல. நீங்க வாயத் தொறக்காதீங்க, காது மட்டும் போதும்."

மறுபடி போலீஸிடம் நடக்க எனக்குத் தெம்பில்லை. அந்த மனிதர் வாயால் ஒரு வார்த்தை வந்து, அது அண்ணி காதில் விழுந்தால் போதும்.

அரவிந்தன் சார் ஓய்வு பெற்றவர். உலகத்து சேனலையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஆசை. மொட்டைமாடியில் நல்ல வெயில், தரை காய்ந்து கிடந்தது. இரும்புக் கம்பத்தின்மேல் வலை டிஷ் நின்றது. அவர் மாடிப்படிக் கதவைத் தாண்டி வரவில்லை.

"நீ போய்ப் பாரும்மா. நான் இங்கயே நிக்கிறேன்."

நான் டிஷ்ஷின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்த எல்.என்.பி.களைப் பார்த்தேன். சிக்னலை வாங்குகிற மூக்கு அதுதான், சாட்டிலைட்டுக்கு ஒன்று.

"ஏற்கெனவே ரெண்டும் சி பேண்ட் சார். பக்கத்துல ரெண்டு கே.யு. எல்.என்.பி. வைக்கலாம். நாலையும் ஒரே கேபிள்ல எறக்க நாலு வழி டைசெக் ஸ்விட்ச் வேணும். மூடி போட்டதா வாங்குங்க, தண்ணி போனா செத்துரும்."

"மலிவா இருக்கறது போதும்மா. ஸ்விட்ச்சுல என்ன உசத்தி, தாழ்த்தி?"

"கீழ டி.வி.க்கு செட்டாப் பாக்ஸ் என்ன வச்சிருக்கீங்க?"

"தகர பாடி, ரெட்டைப் பின். பழசுதான், ஜம்முன்னு ஓடுது. இப்பகூட கீழ எங்க வீட்டம்மா பாத்துட்டிருக்கா."

"அதைத்தான் சார் மொதல்ல மாத்தணும். அதுலேர்ந்து கரண்ட் கசிஞ்சு கேபிள் வழியா டிஷ்ஷுக்கு ஏறும். அடாப்டர் தனியா இருக்கற பாக்ஸா போடுங்க. இந்தக் கம்பத்துலேர்ந்து கீழ மண்ணுக்கு ஒரு எர்த் கம்பி எறக்கணும்."

அவர் சிரித்தார். "நீங்கல்லாம் ஒரே ஸ்கூல்ல படிச்சீங்களா? அந்தப் பையனும் இதேதான் சொன்னான். எர்த் போடுங்க, பாக்ஸை மாத்துங்க, சுருக்குன்னு அடிக்குது, பிளக்கையாவது புடுங்குங்கன்னு ஒரே நச்சரிப்பு. கீழ மேட்ச் ஓடுது, நடுவுல எப்படிப் புடுங்குறது? சும்மா வேலைய இழுக்கப் பாக்குறான்னு விட்டுட்டேன்."

"எந்தப் பையன் சார்?"

"அதாம்மா, குடிச்சிட்டு விழுந்தானே."

கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த லிசியின் கை நின்றது.

நான் டெஸ்டரை எடுத்து டிஷ் விளிம்பில் வைத்தேன். வெயிலை மறைக்க இன்னொரு கையைக் குவித்தேன். உள்ளே விளக்கு சிவப்பாக எரிந்தது.

"இங்க வாங்க சார். இதைத் தொடுங்க."

"எதுக்கு?"

"நீங்க குடிக்கலையே. தொட்டுக் காட்டுங்க."

"யாரும்மா நீ?"

"தொடுங்க சார். விளிம்பை ஒரே ஒரு விரலால."

அவர் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு படி இறங்கினார். எங்கள் தெருவில் கேட்ட அத்தனை கெட்ட வார்த்தையும் எனக்கு நாக்கு நுனிக்கு வந்தது. அதற்குள் லிசி என்னைத் தாண்டிப் போய் டிஷ்ஷில் கை வைத்தாள்.

உடம்பு உதறியது. கை தானாகத் தெறித்து விலக, இரண்டடி பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலில் ரப்பர் செருப்பு இருந்தது, தரை காய்ந்திருந்தது. அதனால் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

"நீயாத்தான் தொட்ட!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினார். "நான் தொடச் சொல்லல. எனக்கு இதுல பொறுப்பு கெடையாது."

லிசி உட்கார்ந்தபடியே கேட்டாள். "அவரு எர்த் போடச் சொன்னாருன்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களா சார்?"

"எவரு? என்ன சொன்னாரு? கீழ எறங்குங்க ரெண்டு பேரும். உங்க மொதலாளிக்கு இப்பவே போன் போடுறேன்."

போடட்டும். இந்த வேலை போனால் இன்னொரு கவுண்ட்டர். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்து போனது. லிசி வலது கையை மடியில் வைத்து, அது யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இனி எப்படிப் போவாள்?

வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலருகே போய் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் அந்த டிஷ்ஷைத் தொட்டேங்க. அடிக்குது. நீங்க சொன்னதெல்லாம் நெசம். அந்தாளே சொல்லிட்டாரு."

அண்ணன் வாய் கோணி, சத்தமில்லாமல் அழுதான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அப்ப போகமாட்டதானே லிசி?" என்று கேட்டான்.

அவள் அவனை ஒருக்களித்துப் புரட்டினாள். முதுகுப் புண்ணில் ஒட்டியிருந்த துணியை மெதுவாக எடுத்தாள், பஞ்சால் துடைத்தாள், மருந்து தடவினாள். எல்லாம் முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள்.

"சனிக்கிழம போறேங்க. வாழைக்காய் மண்டியில வேலை சொல்லியிருக்காங்க. என்னால முடியல. நீங்க குடிச்சீங்கன்னு இல்ல. சும்மா, முடியல."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. குழந்தை பயந்து அழுதது. அவள் அதைத் தூக்கி இடது தோளில் போட்டுத் தட்டினாள். குடிகாரன் என்று அவள் திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் அவளோடு சண்டை போட எனக்கு ஒரு காரணம் இருந்தது.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கை நீட்டி அவள் வலது கையைப் பிடித்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தான்.

"எந்த விரல்ல அடிச்சுச்சு?" என்றான். "ரொம்ப வலிச்சுதா?"