அப்பா தெளிவாகத் தெரிந்த காலைகள்

மார்ச் 4, செவ்வாய். நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. அப்பா ஆறேகாலுக்கு வந்ததாக எழுதியிருக்கிறேன். சுவர்க்கடிகாரம் ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. சரியான நேரம் ஆறு இருபது.

இப்படித் திருத்தி எழுதியவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அவளுடைய அப்பா இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். காலையில் அவள் எழுத உட்கார்ந்து பேனா ஓடத் தொடங்கியதும் எதிரே இருந்த டிரங்குப் பெட்டியின் மேல் வந்து உட்காருவார். கம்பி உடைந்த கறுப்புக் குடை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு பழுது பார்ப்பார். நிமிர மாட்டார், பேச மாட்டார். பேனா நின்றால், பத்து எண்ணுவதற்குள் பாதத்திலிருந்து மேல்நோக்கிக் கரைந்துபோவார். கடைசியாகக் கரைவது குடை.

வேலை முடிந்து அவள் போய்வந்த எழுத்து வகுப்பில் முதல் நாளே ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், சாத்திய கதவு என்று அதில் இருந்தது. தனக்கெல்லாம் எழுத வருமா என்ற சந்தேகம் அவளுக்கு ஓயாமல் இருந்ததால் அந்தத் தாளை அளவுக்கு மீறி நம்பினாள். கடையில் கண் பரிசோதிக்கிறவர் இரண்டு லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, இதுவா, இதுவா, எது தெளிவு என்று கேட்பார். அதே முறையை அவள் அறைக்குக் கொண்டுவந்தாள். நோட்டில் கட்டம் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் என்று செய்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்துவைத்தால் அப்பாவின் சட்டைக் கோடுகளை எண்ண முடிந்தது. டீ குடித்துவிட்டு உட்கார்ந்தால் மீசை மங்கியது. பென்சிலில் எழுதினால் செருப்பில்லாமல் வந்தார். நீல மைக்கு முழுசாக வந்தார்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, பெட்டியிலிருந்து போர்வை எடுக்க அம்மா கதவைத் திறந்தாள். பெட்டியின் மேல் புருஷன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னாள். அவர் அசையவில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளிலிருந்து ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்து, மூன்று வருடத்துச் சேதிகளையெல்லாம் அவருக்குச் சொல்லத் தொடங்கினாள். அந்த வாரம் அப்பாவின் நெஞ்சு வழியாகச் சுவர் தெரிந்தது. அம்மா இருந்தால் மங்கல் என்று மகள் நோட்டில் எழுதிக்கொண்டு, இன்னும் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். அம்மா சண்டை போடவில்லை. முக்காலியை எடுத்துக்கொண்டுபோய் வெளியே, கதவை ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

கதவு சாத்தியும் தெளிவு திரும்பவில்லை. மே மாதத்தில் அப்பாவின் முகம் போனது, பிறகு தோள். மகள் விடாமல் எழுதினாள். எழுதியது வகுப்பில் தந்திருந்த பயிற்சி, கடலையே பார்க்காத அவள் ஒரு கப்பல் கேப்டனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நீண்ட கதை. கேப்டன் புயலில் மாட்டி, மீண்டு, மறுபடியும் மாட்டினார். தினமும் வெளியிலிருந்து அம்மா, இருக்காரா என்று கேட்பாள். இருக்கார் என்று இவள் சொல்வாள். ஒருமுறை போய்விட்டவர் இரண்டாம் முறையும் போய்விட்டால் அம்மா என்ன ஆவாள் என்று நினைக்க நினைக்க, கேப்டனுக்கு இன்னொரு புயல் வந்தது.

ஜூன் இருபத்து நான்காம் தேதி காலை, பெட்டியின் மேல் ஒரு கை மட்டும் இருந்தது. அது குடைக் கம்பியைப் பிடித்திருந்தது. வெளியிலிருந்து வழக்கமான கேள்வி வந்தபோது மகளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"கை மட்டும்தாம்மா இருக்கு."

வெளியே முக்காலி கதவோடு உரசி நகர்ந்தது.

"எந்தக் கை?"

"வலது."

"சுண்டு விரல்ல தழும்பு இருக்கா பாரு. அது லிப்டு கதவுல மாட்டினது இல்ல, அவர் உங்கிட்ட சும்மா சொல்லிவச்சாரு. உங்க தாத்தா வேலை. சின்னப் புள்ளை கைய சைக்கிள் செயின்ல வச்சு உருட்டினாரு, புத்தி வரணுமாம். சாகறவரைக்கும் ஒரு வார்த்தை, வலிச்சுதாடான்னு கேக்கல அந்தப் பெரிய மனுஷன்."

மகள் கேப்டனை நடுக்கடலில் விட்டுவிட்டு, அம்மா சொன்னதை வசவுகளோடு அப்படியே எழுதினாள். மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது. கோடு போட்ட சட்டைக்கை வந்தது. அவள் நோட்டை இடது முழங்கையால் கதவோடு அழுத்திக்கொண்டு, வலது கையால் எழுதிக்கொண்டே இடது கையால் தாழ்ப்பாளை நீக்கினாள். அம்மா உள்ளே வந்தபோது அப்பாவுக்கு இமை மயிர்வரை இருந்தது. சுவரில் நிழல்கூட விழுந்தது.

"மூணு வருஷமா ஒரு குடை," என்றாள் அம்மா. "நீங்க லிப்டெல்லாம் எப்படிங்க ரிப்பேர் பண்ணீங்க?"

அதையும் மகள் எழுதினாள். எழுதும்போதுதான் தன் பிழை அவளுக்குப் பிடிபட்டது. அம்மா முதன்முதலாகக் கதவைத் திறந்த அந்தத் திங்கட்கிழமைதான், அதுவரை வீட்டைப் பற்றி எழுதிவந்ததை விட்டு, கேப்டன் கதையையும் தொடங்கியிருந்தாள். ஒரே நாளில் இரண்டு லென்ஸை மாற்றிவிட்டு, பழியை அம்மாமேல் போட்டிருக்கிறாள். கடையில் இப்படிச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அம்மா பேசப் பேச ஒன்றரைப் பக்கம் ஆனது. அப்போது பீரோ ஓரத்தில் பனியன் போட்ட உயரமான கிழவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். விரல்களில் கறுப்பு கிரீஸ். குடை பழுது பார்க்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நிமிரவில்லை, ஆனால் கம்பியை முறுக்குவது நின்றிருந்தது. அம்மா மாமனாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வந்தாச்சா? நில்லுங்க."

பேனா ஓடிக்கொண்டேயிருந்தது. கிழவர் நின்றார். எட்டு மணிக்கு மகள் கடைக்குக் கிளம்ப எழுந்தபோது அம்மா அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, கால் நடுங்குது பாரு அவருக்கு என்றாள்.

ஜூன் 24, செவ்வாய். கதவு திறந்திருந்தது. அம்மா உடன் இருந்தாள். அப்பா தெளிவு. தாத்தா ஒரு மணி நேரம் நின்றார். நாளை, எழுத உட்காருவதற்கு முன், கூடத்திலிருந்து கைவைத்த நாற்காலியை எடுத்துவந்து பீரோ ஓரமாகப் போட வேண்டும்.