ஆரஞ்சுத் தண்ணியும் ஆறிப்போன சோறும்

1

இந்தக் கதை ஒரு தட்டுச் சாமைச் சோற்றிலிருந்து வந்தது. என் அக்கா மகள் எழில்மதி அதைத் தள்ளி வைத்துவிட்டு, "பசிக்கல சித்தி, அப்பறமா துன்றேன்" என்றாள். நடந்தது அவ்வளவுதான். இதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா என்று கேட்பீர்கள். நான் பயந்தேன். அவள் அப்பா அம்மாசி மாமாவும் ஒரு நாள் காலையில் இதையேதான் சொன்னார். முந்தின நாள் பாக்கெட் சாராயம் குடித்திருந்தார். பொழுது சாய்வதற்குள் அவர் இல்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கரியாலூர் மலைக்காற்றில் வளர்ந்த எழில்மதி மானைப் போல ஓடி—"

அடித்துவிட்டேன். மானாம், மண்ணாங்கட்டியாம். விலாவைப் பிடித்துக்கொண்டு, நாக்குத் தள்ளத்தான் அவள் ஓடுவாள்.

உள்ளபடி சொல்கிறேன். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். இனி ஓட்டத் தேர்வு. அதற்காக மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் என் வீட்டில் தங்கியிருக்கிறாள். விடிந்ததும் மைதானத்தில் பன்னிரண்டு சுற்று. ஓடி முடித்ததும் பயிற்சியாளர் கொடுத்த ஆரஞ்சு நிறப் பவுடரைத் தண்ணீரில் கலக்கி ஒரு பாட்டில் குடிப்பாள். அப்புறம் பதினோரு மணி வரை சோறு இறங்காது. பத்தே நாளில் சுடிதார் தொளதொளத்துப் போனது.

(என் ஜெராக்ஸ் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் படித்துப் பார்த்தேன். வேகமாக ஓடினால் கொஞ்ச நேரம் பசி அடங்குமாம். மேலே இனிப்புத் தண்ணீரும் போனால் சிலருக்கு இன்னும் தள்ளிப்போகுமாம். சிலருக்கு ஒன்றும் ஆகாதாம். படித்தவர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை. என் பயத்துக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?)

3

மேலே 'பயிற்சியாளர் கொடுத்த' என்று எழுதினேனே, அது பொய். வாங்கிக் கொடுத்தது நான்.

டப்பாவாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஒரு ஜிம்மில் பிரித்து விற்றார்கள். வெறும் பிளாஸ்டிக் கவர், வாயில் ரப்பர் பேண்ட். பெயர் கிடையாது, தேதி கிடையாது. மாமாவைப் பெயரில்லாத சாராயப் பாக்கெட்டுக்குப் பறிகொடுத்த குடும்பத்தில் பிறந்தவள், கவரிலிருந்து கொட்டிப் பிள்ளைக்குக் கலக்கிக் கொடுத்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இதை அக்காவிடம் எப்படி—

(இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன். முடியவில்லை.)

4

அக்கா கொளஞ்சியம்மாளைக் கதைக்குள் விடக்கூடாது என்றுதான் இருந்தேன். போனில் மகள் வாய்தவறி, பசியே எடுக்கிறதில்லை என்று சொல்லிவிட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கி நேராக மைதானத்துக்கு வந்துவிட்டாள் அக்கா. வந்ததும் மகள் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள்.

"இது எத்தினி வெரலு?"

அந்தச் சாராயத்தில் மாமாவுக்கு முதலில் கண்தான் போனது. எழில்மதி மூன்று என்றாள். சரிதான். அதற்குமேல் என்னால் தாங்க முடியாமல், கவர் நான் வாங்கியது என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மகளைக் கையோடு மலைக்கு அழைத்துப்போக நின்றாள். போலீசும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றாள். எழில்மதி அழுதாள். தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, ஓடினால் இப்படித்தான் இருக்கும், இது வெறும் சர்க்கரை என்று கெஞ்சினாள்.

"அப்டீனா நானும் ஓடிட்டுக் குடிக்கிறேன்" என்றாள் அக்கா. "எனக்கு இன்னா ஆவுதுன்னு பாத்துட்டு அப்பறம் பேசு."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு சுற்று ஓடினாள். மைதானத்தில் ஓட வந்திருந்தவர்களில் சிரிக்கத் தொடங்கியவர்கள் அவள் முகத்தைப் பார்த்ததும் வழிவிட்டு நின்றார்கள். நாங்கள் பிடுங்குவதற்குள் மகள் கலக்கி வைத்திருந்த பாட்டிலைக் காலி செய்துவிட்டாள்.

5

வீட்டில் உட்கார்ந்து காத்திருந்தோம். மணி ஒன்பது. மூன்று தட்டிலும் சோறு.

ஒரு முடிவு: அக்கா பசிக்கிறது என்கிறாள், மூவரும் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறோம். நானே நம்பாததை உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

இன்னொரு முடிவு:

(எழுத மாட்டேன். எழுதினால் பலித்துவிடுமோ என்று பயம்.)

நடந்தது இது. அக்கா சுவரில் சாய்ந்து, தட்டைத் தள்ளினாள். நெஞ்சை அடைப்பதுபோல் இருக்கிறது, சோறு வேண்டாம் என்றாள். ஓடிய களைப்பா, தண்ணீர் செய்த வேலையா, வேறு ஏதாவதா? தெரியவில்லை. எழில்மதிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் பத்து நாளாகக் கண்ணாடியில் பார்த்த பயம் இப்போது அவள் முகத்தில் இருந்தது. நகர்ந்து வந்து அம்மாவின் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தாள்.

"எனக்குப் பசிக்குதும்மா. நீ ஒரு வாய் வாங்கிக்கோ, நானும் துன்றேன்."

அது நிஜப் பசியா, அம்மாவைச் சாப்பிட வைக்கச் சொன்ன பொய்யா? நான் கேட்கவில்லை. கவளத்தோடு கை நீண்டிருக்கிறது. அக்கா இன்னும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. இவ்வளவு தூரம் கூட வந்தவர் நீங்கள். அந்த ஒரு வாயை நீங்கள் ஊட்டிவிடுங்கள்.