தாமதமாக வரும் உதை

வெர்னா டோலெஃப்சன் அக்டோபரில் சுட்ட தோட்டாவின் உதை, நவம்பரில் ஒரு திங்கள்கிழமை காலை, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது. வலது தோளில் பட்டது. இரண்டடி பின்னால் போய் ஃப்ரிட்ஜில் முதுகு மோதி நின்றாள். கையிலிருந்த தட்டு உடையவில்லை. சமையலறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. வெளியே பனி பெய்யலாமா வேண்டாமா என்று வானம் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. சட்டைக் கழுத்தை விலக்கித் தோளைப் பார்த்தாள். துப்பாக்கிக் கட்டையின் அடிப்பாகம் அழுந்திய வடிவத்தில் தோல் சிவந்து கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து வேட்டைக்குப் போகிறவளுக்கு அந்தச் சிவப்பை அடையாளம் தெரியாமல் போகாது. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, உள்ளறையில் படுத்திருந்த புருஷனுக்கு ஓட்ஸ் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் கார்விக் பள்ளத்தாக்கில் மாட்டுத் தீவனப் புல் நன்றாக விளைந்து விலை படுத்துவிட்டது. மொன்டானா மாநிலத்தில் மற்ற இடங்களிலும் அப்படித்தான் என்றார்கள். இலையுதிர்காலம் தொடங்கியதும் டெல்மர் க்விஸ்ட்டின் கடைக்குப் புது ரைபிள் வந்து இறங்கியது. டெல்மர் துப்பாக்கி, தூண்டில், நாய்த்தீனி, பனிக்காலணி எல்லாம் விற்பவன். ரைபிள் என்னவோ ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடுகிற பழைய தினுசுதான். ஆனால் குழலையும் கட்டையையும் ஏதோ புது விதமாகச் செய்திருந்தார்கள். கையில் தூக்கிப் பார்த்தவர்கள் எல்லாரும் முகத்தைச் சுளித்து, உள்ளே சாமான் இருக்கிறதா என்று போல்ட்டைத் திறந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தார்கள். மலைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு அதைவிட இலேசான துப்பாக்கி அந்தக் கடையில் அதுவரை இருந்ததில்லை.

வெர்னாவுக்கு அந்த இலேசு தேவைப்பட்டது. அவள் புருஷன் ஆர்லோவுக்குப் பக்கவாதம் வந்து உடம்பின் வலது பக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து அவனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியல் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து மறுபடி கட்டிலுக்கும் அவள்தான் தூக்கினாள். ஆர்லோ ஒல்லியாகிக்கொண்டே வந்தான், ஆனால் கனம் குறையவில்லை. அவள் தோள் மூட்டு மரக்கதவின் கீல் போல முனகத் தொடங்கியிருந்தது. வீட்டில் இருந்த துப்பாக்கி ஆர்லோவின் அப்பாவுடையது, இரும்புக் கிராதியைத் தூக்குவது மாதிரி. அதைச் சுமந்துகொண்டு வடக்கு மேட்டில் ஏறினால் எல்க் மான் கண்ணில் படும்போது துப்பாக்கியைத் தூக்கத் தெம்பு இருக்காது. எல்க் விழாவிட்டால் ஃப்ரீசர் காலியாகக் கிடக்கும். காலி ஃப்ரீசரோடு குளிர்காலத்துக்குள் போவது அந்தப் பள்ளத்தாக்கில் சட்டை போடாமல் சர்ச்சுக்குப் போவது மாதிரி.

"இம்புட்டு இலேசா இருந்தா கழுதை கணக்கா உதைக்குமே டெல்மர். என் தோளு கெட்ட கேட்டுக்கு?"

"வர்ற ஆளெல்லாம் இதையேதான் கேக்குறான். போய்ச் சுட்டுப் பாரு வெர்னா. உதைச்சுதுன்னா திருப்பிக் கொண்டாந்து என் தலையில போடு."

ஊருக்கு வெளியே ஜல்லிக் குழியில் காகிதம் ஒட்டிச் சுட்டுப் பார்த்தாள். தோட்டாக்கள் எல்லாம் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தன. தோளில் ஒன்றுமே தெரியவில்லை. அலமாரிக் கதவைச் சாத்தினால் கைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான். இத்தனை காலத்தில் தன்னிடம் யாரோ முதல்முறையாகத் தன்மையாக நடந்துகொண்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. வண்டியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு ஆர்லோவுக்கு மருந்து கொடுக்க நேரமாகிவிட்டதென்று கிளம்பினாள்.

அந்த ஜல்லிக் குழித் தோட்டாக்களில் முதலாவதின் உதைதான் பாத்திரம் தேய்க்கும்போது வந்தது. மற்றவையும் தங்கள் தங்கள் நேரத்தில் வந்தன. அந்த ரைபிளை வாங்கியவர்களில் வெர்னாவுக்கு மட்டும் இல்லை. பக்கத்துப் பண்ணை லைல் ஹாகனுக்கு சர்ச்சில், பாட்டின் மூன்றாவது சரணத்தில் வந்தது. பெஞ்சோடு சேர்ந்து பின் வரிசையில் இருந்த அவன் மச்சினி மடியில் சாய்ந்தான். வேண்டுமென்றே செய்தான் என்று அவன் பெண்டாட்டி ஒரு வாரம் பேசவில்லை. டெல்மருக்கே முடி வெட்டிக்கொள்ளும்போது வந்து ஒரு காதோரம் மொட்டையாகப் போய்விட்டது. அவன் கம்பெனிக்குப் போன் செய்தான். எடுத்த பெண் ரொம்ப மரியாதையாக, உதை மிக மென்மையாக இருப்பதாக வாடிக்கையாளர்கள் பலரும் சொல்கிறார்கள் என்றும், அவர் அழைத்ததற்கு நன்றி என்றும் சொன்னாள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க யாரும் வரவில்லை. நேராகச் சுட்டது, இலேசாக இருந்தது. மற்றது எப்படியும் வாங்க வேண்டிய உதைதானே, எப்போது வாங்கினால் என்ன என்று ஊர் முடிவு செய்துகொண்டது. ஏணியில் ஏறுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் யோசித்து ஏறினார்கள்.

வெர்னா யோசிக்க வேண்டியது ஏணி இல்லை. நன்றி சொல்லும் பண்டிகைக்கு முந்தின வாரம் வடக்கு மேட்டில் ஒரு பெட்டை எல்க்கைச் சுட்டாள். ஒரே தோட்டா. கறியைத் துண்டு போட்டு, சறுக்குப் பலகையில் வைத்துக் கட்டி, இரண்டு நாளாக இழுத்துக் கீழே கொண்டுவந்தாள். அந்த உதை இன்னும் வரவில்லை என்று தெரிந்தே ஒவ்வொரு நாளும் ஆர்லோவைத் தூக்கினாள். தூக்குவதற்கு முன்னால் சுவரில் சாய்ந்து நிற்பாள், வருவதானால் இப்போதே வந்து தொலையட்டும் என்று. வராது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, அவன் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தொட்டியிலிருந்து பாதி தூக்கியிருந்தபோது வந்தது. அவள் கதவில் போய் விழுந்தாள். ஆர்லோ தொட்டி விளிம்பில் விழுந்து காறை எலும்பு முறிந்தது.

வாரம் ஒருமுறை வருகிற நர்ஸ், பெர்னிஸ், ஆர்லோவின் கட்டுப் போட்ட தோளையும் வெர்னாவின் முகத்தையும் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு அவளைக் கூப்பிட்டாள். நகரத்தில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள இல்லம் இருக்கிறது, இரண்டு ஆள் சேர்ந்து தூக்குவார்கள், படுக்கையைச் சுற்றித் தடுப்பு இருக்கும் என்றாள்.

"உன்னைக் குத்தம் சொல்லல வெர்னா. நீ களைச்சுப் போயிட்ட, அதைத்தான் சொல்றேன்."

"களைச்சுப் போய் ரொம்ப நாளாச்சு. அதை யாரும் கேக்கலியே. விழுந்ததுக்கப்புறந்தான் கேக்குறீங்க."

புது ரைபிளைத் துணி சுற்றிப் பரணில் போட்டாள். அடுத்த வருஷம் மாமனாரின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். பாதி வழியில் உட்கார்ந்தாள். எழுந்து ஏறினாள். எல்க் கூட்டம் எதிர்ச்சரிவில் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. துப்பாக்கியை உயர்த்தியபோது குழல் நடுங்கிய நடுக்கத்தில் தோட்டா எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடை மாட்டுக்கறி தின்றார்கள். ஆர்லோ வாய்க்குள் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருப்பான். விழுங்கு என்பாள். விழுங்குவான். அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாவது வருஷம் அக்டோபரில் ஒரு மத்தியானம், அவனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது ஆர்லோ பேசினான். அவன் வார்த்தைகள் ஈரச் சேற்றில் கால் இழுப்பது போல மெதுவாக வரும்.

"இந்தத் தோளு செத்துப் போச்சு," என்றான் வலது பக்கத்தைத் தாடையால் காட்டி. "கிள்ளினாத் தெரியாது. வெட்டினாத் தெரியாது."

"அதுக்கு?"

"அந்தத் துப்பாக்கிய இங்க வை. நான் சுடறேன். உதை எனக்கு வரட்டும். வந்தா எனக்கு என்ன தெரியப்போவுது?"

வெர்னா பட்டன் போடுவதை நிறுத்தினாள். "உனக்குப் பைத்தியமா?"

"நீ என்னைத் தூக்குறப்போ உனக்கு வந்தா ரெண்டு பேரும் விழறோம். எனக்கு வந்தா நான் மட்டும் ஆடுவேன். கட்டிப் போட்டுட்டுத் தூக்கு."

அவள் மற்ற பட்டன்களையும் போட்டாள். பிறகு பரணுக்கு ஏணி எடுக்கப் போனாள்.

நிறுத்திய வண்டியில் உட்கார்ந்தபடியே சுட ஆர்லோ மாதிரி உள்ளவர்களுக்கு அங்கே அனுமதி உண்டு. தினமும் சாயங்காலம் பிக்கப் வண்டியைப் புல் வயலின் ஓரம் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இருவரும் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருந்தார்கள், குளிருக்குக் கம்பளி, நடுவில் ஒரு பிளாஸ்க் காபி. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் பக்கத்தில் ஒருவர் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள், யாரும் யாரையும் தூக்கவில்லை. வெர்னா இரண்டு சாயங்காலம் அப்படியே தூங்கிப்போனாள். எழுப்பவில்லையா என்று கேட்டபோது, மான் வரவில்லை, எதற்கு எழுப்ப என்றான். மான் வந்து, இவளுடைய குறட்டையைக் கேட்டு ஓடிப்போயிருக்கும் என்று அவளுக்குச் சந்தேகம்.

முதல் பெரும்பனிக்குப் பிறகு எல்க் கூட்டம் மேட்டிலிருந்து கீழே இறங்கியது. வண்டி ஜன்னல் விளிம்பில் மணல் மூட்டை வைத்து அதன்மேல் குழலைக் கிடத்தினாள். கட்டையை அவனுடைய செத்த தோளில் பொருத்தினாள். போல்ட்டை இழுத்துத் தள்ளிக் கொடுத்தாள். அவன் இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து விசையில் விரல் வைத்தான். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவன் மூச்சு துப்பாக்கியின் மேலிருந்த தொலைநோக்கிக் கண்ணாடியில் பட்டுப் படர்ந்தது, அவள் துடைத்தாள், மறுபடி படர்ந்தது. வெடிச் சத்தம் கேட்டபோது அவள் எல்க்கைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பக்கவாதத்துக்கு முந்தைய ஆர்லோ மாதிரி ஒரு கெட்ட வார்த்தையைச் சுத்தமாக, ஒரு எழுத்து குறையாமல் சொன்னான். பெட்டை எல்க் நாலடி நடந்து உட்கார்ந்துவிட்டது. லைல் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துக் கொடுத்தான்.

அதன்பிறகு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார்கள். நாற்காலியில் அகலமான வாரால் அவனைக் கட்டினாள். தொட்டிக்கு வெளியே மெத்தையைச் சாய்த்து வைத்தாள். பெர்னிஸ் எதற்கென்று கேட்டாள். ஆர்லோ எல்க் சுட்டிருக்கிறான் என்றதும் தலையாட்டிவிட்டு அவளும் ஒரு தலையணை வைத்தாள். காலையில் தூக்குவதற்கு முன் வெர்னா கேட்பாள்.

"வந்துடுச்சா?"

"எனக்கெப்படித் தெரியும்? அந்தப் பக்கம்தான் எனக்கே சொந்தமில்லையே. நீ பாத்துச் சொல்லு."

சட்டையைத் திறந்து பார்ப்பாள். தோள் வெளுப்பாக, சிவப்பில்லாமல் இருக்கும். "இன்னும் வரல," என்பாள். அவன் சிரிப்பான், பாதி வாயால். அந்தப் பாதிச் சிரிப்புக்காகத்தான் தினமும் கேட்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஜனவரியில் அவன் எல்க் கறியை மெல்லாமல் வாயில் வைத்திருந்தான். விழுங்கு என்று அவள் சொல்லவில்லை. பிப்ரவரியில் சாப்பாடு குறைந்தது. மார்ச்சில், ஓடையில் பனிக்கட்டி உடையத் தொடங்கிய வாரம், மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டான். வெர்னா சட்டையை விலக்கிப் பார்த்தாள். தோள் வெளுப்பாகத்தான் இருந்தது.

நிலம் இளகுவதற்காக ஒரு வாரம் பொறுத்துப் புதைத்தார்கள். லைல், டெல்மர், ஆர்லோவின் சித்தப்பா மக்கள் இருவர் என நாலு பேர் வார் பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள். பாதி இறங்கியிருந்தபோது பெட்டி தலைப்பக்கமாகத் துள்ளிக் குழியின் சுவரில் டொம்மென்று மோதியது. லைலின் கையில் வார் வழுக்கியது. நாலு பேரும் குதிகாலை மண்ணில் ஊன்றிப் பிடித்துக்கொண்டார்கள். பாதிரியார் படிப்பதை நிறுத்தி வெர்னாவைப் பார்த்தார்.

"அவனோட எல்க்," என்றாள் வெர்னா. "நீங்க படிங்க."

பாதிரியார் விட்ட இடத்திலிருந்து படித்தார். பெட்டியை நேராக்கி இறக்கினார்கள். சர்ச்சின் கீழறையில் சாப்பாட்டுக்கு அந்த எல்க் கறியைத்தான் உருளைக்கிழங்கோடு வேகவைத்திருந்தார்கள். எல்லாரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

வெர்னா வீட்டை விற்கவில்லை. குளியலறை மெத்தையை நாய்க்குப் போட்டாள். முதல் சில மாதம் காலையில் எழுந்ததும் கை தானாக இன்னொரு உடம்பைத் தேடியது, பிறகு அதுவும் களைத்து நிறுத்திக்கொண்டது. இலையுதிர்காலம் வந்ததும் புது ரைபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு வடக்கு மேட்டில் ஏறினாள். இப்போது அது புதுசும் இல்லை, ஆனால் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். எல்க் விழுந்தது. உதைக்காக இந்தத் தடவை சுவரில் சாய்ந்து நிற்கவில்லை. எப்போது வந்தாலும் கையில் ஒரு தட்டோ வாளியோதான் இருக்கும்.

கையில் ஒரு முட்டைப் பெட்டி இருந்தது. ஊர் மளிகைக் கடையில், கல்லாவுக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தபோது உதை வந்தது. வெர்னா பிஸ்கட் அடுக்கில் போய் மோதி உட்கார்ந்தாள். முட்டைகள் உடைந்து தரையில் ஓடின. கல்லாவில் இருந்த பெண் எழுந்து வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டு, துடைப்பத்துக்குக் குரல் கொடுத்தாள்.

"சுட்டது ஆணா, பொட்டையாம்மா?"

"பொட்டை," என்றாள் வெர்னா பாவாடையைத் தட்டிக்கொண்டே. "நல்ல கொழுப்பு."

அந்தப் பெண் அடுக்கிலிருந்து வேறொரு பெட்டி முட்டையை எடுத்து, மூடியைத் திறந்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, அவள் கையில் கொடுத்தாள். வெர்னா வரிசையில் தன் இடத்தில் போய் நின்றாள்.