கூழாங்கல் முற்றத்து முனி

அந்த வீட்டைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். சுங்கை ரம்பாயிலிருந்து உள்ளே தள்ளி, எஸ்டேட் மேட்டின்மேல், ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டியது. ஓடு கிடையாது, முகடு கிடையாது. தட்டையான கூரை, சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி. வந்தவர்கள் அழகு அழகு என்று படம் பிடித்துக்கொண்டு போவார்கள். மழை வந்தால் கூடத்தில் வரிசையாக வாளி வைக்கிற பெரியநாயகிக்கு அந்த அழகு விளங்கியதே இல்லை. தண்ணீர் ஓட வழியில்லாமல் கூரை போட்டவன் எந்த ஊர்ப் புத்திசாலி என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே அடுத்த வாளியைத் தூக்குவாள்.

பின்னால் இருக்கிற தோட்டத்தையும் ஒருவர் காகிதத்தில் வரைந்துதான் போட்டாராம். நீளமாக ஒரு குளம், அதற்கப்பால் வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய முற்றம், முற்றத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல். பூச்செடி ஒன்றுகூட இல்லை. அந்த வெறுமைதான் விசேஷமாம்.

கல்லை நட்டவர்களில் பெரியநாயகியின் புருஷன் வீரமுத்துவும் ஒருவன். அப்போது அவனுக்கு மீசை அரும்புகிற வயசு. கயிறு கட்டிக் கல்லை நிமிர்த்தும்போது எஸ்டேட் ஆட்களுக்கு மனம் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய கல்லைச் சும்மா நடலாமா? தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, ஒரு சேவலை அறுத்து ரத்தத்தைக் குழியில் விட்டார்கள். தோட்டம் வரைந்த துரை, தன்னைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று நினைத்துக் கைதட்டினாராம். காவு வாங்கிய கல் அப்புறம் வெறும் கல்லாக இருக்குமா? அடுத்த மாதமே ஒருத்தியின் கனவில் சுருட்டுப் புகையோடு வந்து நின்றது. முனி என்று பேராயிற்று. துரைமார் மாறினார்கள், கல்லில் எண்ணெயும் மஞ்சளும் ஏறிக்கொண்டே போயின.

தொண்ணூற்று நாலில் எஸ்டேட்டை விற்று, கூலி ஜனங்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். லயத்து ஜனங்களுக்குப் பாயா ரும்புட்டில் ஆளுக்கொரு சின்ன வீடு கிடைத்தது. பெரியநாயகிக்கும்தான். இரண்டு அறை, ஒரு குசினி, ஒழுகாத கூரை. ஆனால் இன்னும் ஒரு ராத்திரிகூட அவள் அங்கே படுக்கவில்லை. முனிக்கு வெள்ளிக்கிழமை விளக்குப் போட ஆள் வேண்டுமே. மேட்டு வீட்டைப் பெருக்கித் துடைத்துக்கொண்டு பின்கட்டில் இருக்கிறவள் அவள்தான். போதாக்குறைக்குக் கல்லை நட்டவன் பெண்டாட்டி. "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கக்கா, அங்க கோயில் எழும்புனதும் முனியக் கூட்டிட்டுப் போயிருவோம்லா" என்று கோயில் கமிட்டித் தலைவர் மணியம் சொல்லிவிட்டுப் போய் இரண்டு தீபாவளி கடந்துவிட்டது. முட்டி வலி, இடுப்பு வலி, மேடு ஏறினால் மூச்சிரைப்பு. சொந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் படுக்கவேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

போன வாரம் புது முதலாளியின் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்தார். வீட்டைப் பழைய மாதிரியே பழுது பார்க்கப் போகிறார்களாம், வேலைக்கு வேறு ஆள் வருகிறதாம். கல்லை அசைக்கக்கூடாது; சூலம், துணி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போயாகவேண்டும். பெரியநாயகிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. கல் எதற்கு? அதன் அடியிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுபோனால் சாமியும் கூடவே வந்துவிடும். சாமி உத்தரவு மட்டும் கொடுக்கவேண்டும்.

அவள் சொல்லியனுப்ப, ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்தார்கள். மணியம், சாமியாடி சின்னத்தம்பி, பெண்கள் சிலபேர். பெரியநாயகி துணிமணியெல்லாம் மூட்டை கட்டித் தயாராக இருந்தாள். இறங்கும்போதே மணியம் இழுத்தார்.

"கோயில் கொட்டாய்க்கு இன்னும் கூரையே போடலக்கா. அவசரப்பட்டா எப்படி?"

"இத்தன வருசம் வெட்டவெளியிலதானே நிக்கிறாரு. கூரையா கேட்டாரு?"

உடுக்கை அடித்தது. சின்னத்தம்பி சுருட்டைக் கடித்துக்கொண்டு கூழாங்கல் தெறிக்க ஆடினார். எல்லாரும் கைகூப்பி நின்றார்கள்.

"வரமாட்டேன்! இந்த எல்லைய விட்டு வரமாட்டேன்! என் மக விளக்குப் போடுறா, அது போதும்டா எனக்கு!"

மணியம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "உத்தரவு இல்லையேக்கா. நாம என்னா செய்யுறது?"

பெரியநாயகிக்கு ஆத்திரம் வந்தது. சாமியாடிக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"உன்னைக் குழியில எறக்குன கயிறு என் புருசன் தோள அறுத்த தழும்பு, அவரு சாகுறவரைக்கும் இருந்துச்சு. நாங்க ஏதாச்சும் கேட்டமா? காய்ச்சலோட வந்து விளக்குப் போட்டிருக்கேன். கேட்டனா? இப்பக் கேக்குறேன். உனக்குப் பிடிச்ச எடம், நீ இரு. நான் போறேன். எனக்கு அலுத்துப் போச்சுப்பா."

உடுக்கை நின்றது. அவள் எண்ணெய்ப் போத்தலையும் தீப்பெட்டியையும் கொண்டுவந்து மணியத்தின் கையில் திணித்தாள்.

"வெள்ளிக்கெழம தவறாம வந்திருங்க தம்பி."

"நானா? அங்கேர்ந்து இம்புட்டுத் தூரம் வாராவாரம் எப்படிக்கா? எனக்கு சுங்கை ஊடாங்ல ஷிப்ட் வேலைலா!"

"முனி வரமாட்டேங்குறாரே. பின்ன நீங்கதான் வரணும்."

மூட்டையை எடுத்துக்கொண்டு போய் வேனில் உட்கார்ந்தாள். சாமியை எதிர்த்துப் பேசிவிட்டோமே, கண்ணைக் குத்திவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. அங்கே மணியம் சின்னத்தம்பியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் உடுக்கை கேட்டது.

"மனசு எறங்கிட்டேன்டா! மண்ணெடு!"

பெண்கள் குலவையிட்டார்கள். பெரியநாயகிக்குச் சந்தோஷம் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு தடவை கத்தியிருந்தால் போதும்போலிருக்கிறதே என்று நினைத்தபோது அழுகைதான் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மஞ்சள் துணி கட்டிய சொம்பில் பிடிமண்ணோடு மணியம் வேனுக்கு வந்தார். முகமெல்லாம் பக்தி.

"கல்ல நட்டவரு சம்சாரம் நீங்க. மடியில வெச்சுக்கிட்டு வாங்கக்கா. அங்கேயும் நீங்கதான் விளக்குப்—"

"உங்க மடியிலயே இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் பெரியநாயகி கண்ணை மூடிக்கொண்டாள்.