மாமனார் கொல்லையில் ஒரு கூடைச் சுண்ணாம்பு

1

இது ஒட்டுக்கேட்ட கதை. செந்துறையிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த இருவர் யாரோ ஒருவனைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்தார்கள். "சுண்ணாம்பு மாப்ள" என்பதைத் தவிர அவனுக்கு வேறு பெயர் வைக்கவில்லை. சிரிப்பு பாதியில் நிற்க, இறங்கிப் போய்விட்டார்கள். மீதியை நான் இட்டுக்கட்டியிருக்கிறேன். பெயர்களும் என் கைச்சரக்குதான். யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "கிழக்கு வெளுக்கையில் தர்மராஜ் மண்வெட்டியைத் தோளில் —"

வேண்டாம். தர்மராஜ் கிழக்கு நன்றாக வெளுத்த பிறகு எழுந்திருக்கிற ஆள்.

இரண்டாவது: "மண் என்பது ஒரு தாய் —"

சீ! அடித்துவிட்டேன்.

சரி, நேராகவே சொல்கிறேன். எழுபத்தெட்டாம் வருஷம், புரட்டாசி. தர்மராஜுக்குச் சொந்த ஊர் உடையார்பாளையத்துப் பக்கம். அரியலூரை ஒட்டிய ஒரு ஊரில், மாமனார் நல்லுசாமிக்கு வீட்டோடு மாப்பிள்ளை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவன் தாலி கட்டிய நாளிலிருந்து விருந்தில் இருக்கிறான். மாடு பிடித்துக் கட்டுவது, கடைக்குப் போவது, மாமனார் சொல்வதற்கெல்லாம் சிரிப்பது, இவைதான் வேலை.

அந்தப் புரட்டாசியில் நல்லுசாமி ஒரு வார்த்தை சொன்னார்.

"கெணத்தடில நாலு பாத்தி தரேன் மாப்ள. தையில பாப்போம். வெளைஞ்சா அந்தக் கொல்லை பூரா ஒங்க பொறுப்பு. இல்லன்னா பழையபடி மாட்டப் புடிச்சுக் கட்டிக்கிட்டு இருங்க."

பேச்சில் 'ங்க' இருந்தது. மரியாதை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

3

கிணற்றடியில் வருஷா வருஷம் கத்திரிதான். வருஷா வருஷம் செடி வாடிச் சாவதும் கூடிக்கொண்டே போயிற்று.

"ஒரே எடத்துல கத்திரிக்குப் பின்னால கத்திரி வச்சா எப்புடி மாமா? மாத்தி மாத்தில்ல வைக்கணும்" என்றான் தர்மராஜ். வெங்காயம், முள்ளங்கி, கீரை, கொத்தவரை என்று பாத்திக்கு ஒன்றாகப் பிரித்தான்.

(இதில் அவன் சொன்னது சரி. கேலி செய்து எழுதலாம் என்று உட்கார்ந்தவனுக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை.)

நல்லவேளை, அவன் அதோடு நிறுத்தவில்லை. அவன் அப்பாவின் நிலம் செம்மண், புளித்த மண். அங்கே புளிப்பு முறியச் சுண்ணாம்பு தூவி, சில வாரம் ஆறவிட்டு, அப்புறம் எரு போட்டால் வெள்ளாமை பொங்கும். பிறந்த வீட்டுப் பெருமை என்று அவனிடம் இருந்தது அந்தச் சுண்ணாம்பு ஒன்றுதான். சுண்ணாம்பு சுடுகிற காளவாசலுக்குப் போய்க் கூடை கூடையாக வாங்கினான்.

அரியலூர்ப் பக்கத்து மண் என்ன மண்? கொத்தினால் சுண்ணாம்பு இறுகிய சுக்காங்கல் தெறிக்கும். அதற்கும் கீழே தோண்டினால் சுண்ணாம்புப் பாறை. சிமெண்டுக்காக லாரி லாரியாக அதை வெட்டிக்கொண்டு போகிறார்கள். அப்படிப் போன ஒரு லாரிக்கு வழிவிட்டு, தலையில் சுண்ணாம்புக் கூடையோடு ரோட்டோரம் ஒதுங்கி நின்றான் நம் ஆள்.* கொல்லன் தெருவில் ஊசி விற்றவன்கூட இவனைப் பார்த்தால் தேறுதல் அடைவான்.

* அந்த லாரி நான் விட்டதுதான். நிஜத்தில் வராமல் போயிருந்தால் அது லாரியின் தப்பு.

4

மண்ணை வெட்டிப் புரட்டி, சுண்ணாம்பைத் தூவி, ஆறவிடப் பொறுமை இல்லாமல் அன்றைக்கே எருவையும் கொட்டிக் கிளறினான். இரண்டும் கலந்ததும் கண்ணைக் கரிக்கிற நெடி கிளம்பியது. எருவின் சத்தெல்லாம் காற்றோடு போயிற்று. வழியில் போனவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஜோராப் பண்றீங்க மாப்ள!" என்றார்கள்.

எங்க ஊரு மண்ணுக்குச் சுண்ணாம்பு எதுக்குய்யா என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் எதைப் பார்த்துச் சிரிப்பது?

(இந்த இடத்தில் களையெடுக்கிற அம்மாள் ஒருத்தி வந்து, மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்து, அரிய உண்மை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். காத்திருந்தேன். வரவில்லை. அவளுக்கும் சிரிக்க ஆசை.)

5

எனக்குச் சந்தேகம் அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணத்தின் மேல்தான். பிறந்து வளர்ந்த மண் அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அவனோடு கூடை சுமந்தாள். பாவம், வெகுளி என்று எழுதிப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு அது ஒட்டவே இல்லை.

மார்கழியில் மூன்று பாத்தி மஞ்சளாய்ப் போயிற்று. நாலாவதில் மட்டும் கொத்தவரை கொத்துக் கொத்தாய்த் தொங்கியது.

"நீ இந்த ஊருக்காரிதான? ஒனக்குமா தெரியல?" என்றான்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா தூக்கிட்டு வந்த?"

"வெளையக் கூடாதுன்னுதான் தூக்கிட்டு வந்தேன். வெளைஞ்சா சாவுற வரைக்கும் எங்கப்பன் வூட்லயே கெடக்கணும். அவரு ஒங்களுக்குச் சோத்தோட ஒரு சொல்லும் சேத்துல்ல போடுறாரு? நீங்க சிரிச்சுக்கிட்டே திங்கிறீங்க. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. ஒங்க ஊருக்குப் போயிடலாம்."

தர்மராஜுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அழுகைதான் வந்தது. மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டான்.

"அப்ப நாலாவது பாத்தி? சுண்ணாம்பு தீந்துபோச்சுன்னியே. கொட்டாயில ஒரு கூடை கெடக்குது."

"அதுலயும் கொட்டத்தான் போனேன். நானே கட்டி ஒடைச்சு, எருப் போட்டுக் கட்டுன பாத்தி. கை வரல" என்றாள். அவளுக்கே அவள்மேல் எரிச்சல்.

6

தை வரைக்கும் பொறுக்காமல் நல்லுசாமி வந்தார். கொத்தவரங்காய் ஒன்றைப் பறித்து ஒடித்துப் பார்த்தார். மாப்பிள்ளை போய்விட்டால் மாட்டை யார் கட்டுவது என்ற கவலை அவருக்கும் உண்டு.

"நாலுல ஒண்ணு தேறிடுச்சே மாப்ள! போனாப் போவுது, இருந்து அடுத்த வருசமும் பண்ணுங்க. அந்த மிச்சச் சுண்ணாம்ப வீணாக்காதீங்க. பொங்கல் வருது, வூட்டுக்கு வெள்ளையடிச்சுடுங்க."

முடிவு ஒன்று: தர்மராஜ் வெள்ளையடிக்கிறான், அடுத்த வருஷமும் அடிக்கிறான்.

முடிவு இரண்டு: கூடையை நாலாவது பாத்தியில் கவிழ்த்துவிட்டு இருவரும் உடையார்பாளையம் பஸ் ஏறுகிறார்கள்.

முடிவு மூன்று: கூடை மாமனார் தலையில் — (எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் தர்மராஜுக்கு அவ்வளவு உயரத்துக்குக் கை எழும்பாது.)

கூடையைத் தலைக்கு ஏற்றிவிட்டான். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், இன்னொரு பக்கம் கொத்தவரை. பஞ்சவர்ணம் வரப்பில் நின்று அவன் முகத்தைப் பார்க்கிறாள்.

"எந்தப் பக்கங்க?"

அவன் உங்களைப் பார்க்கிறான். லாரிக்கு ஒதுங்கியபோது ஊரோடு சேர்ந்து நீங்களும் சிரித்தீர்கள்; அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதாவது வாயைத் திறங்கள். கூடை கனக்கிறது.