பதினொரு பழுப்பு வட்டங்கள்

நான் சொன்ன பொய்கள் பொதுவாக யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு கோரையை வேரோடு இழுத்தேன், எதிர்வீட்டுக்காரர் கட்டிலோடு நகர்ந்தார் என்று சொல்லியிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரரே சிரித்தார். ஒரே ஒரு பொய்யைத்தான் ஒருவர் நம்பினார். அதை எழுதினால் மனப்பாரம் கொஞ்சம் இறங்குமா என்று பார்க்கிறேன்.

நம்பியவர் பக்கத்து வீட்டுக் கண்டக்டர். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றே வேலை பார்த்துவிட்டு, இனி உட்கார்ந்து பார்க்க ஒன்று வேண்டும் என்று வாசலில் புல்தரை வளர்த்தார். எண்ணெய் வைத்துத் தலைசீவிய பிள்ளை மாதிரி இருக்கும். அதில் புளியாரை, அம்மான் பச்சரிசி என்று களைகள் தலைகாட்டின. அவருக்கு இடுப்புவலி, குனிய முடியாது.

"அண்ணே, உங்ககிட்ட மருந்து இருக்கே. களை மேல மட்டும் கொஞ்சம் அடிச்சு விடுங்களேன்."

"நான் முறைச்சாலே களை வாடிடும், தம்பி. மருந்தெல்லாம் சும்மா மரியாதைக்கு."

என்னிடம் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்று புல்லை விட்டுவிட்டுக் களையை மட்டும் கொல்லும். மற்றது, நடைபாதைக் கல்லிடுக்கில் அடிக்க வாங்கியது, பச்சையாக எது இருந்தாலும் கொல்லும். இரண்டும் ஒரே உயரம், ஒரே மூடி. மூக்குக்கண்ணாடி மாடியில் இருந்தது. படியேறச் சோம்பல். கைக்கு வந்த பாட்டிலைத் தண்ணீரில் கலந்து, களை களையாகக் குறிவைத்து, பதினொரு இடத்தில் அடித்தேன்.

பத்து நாளில் களை செத்தது. துணைக்குச் சுற்றியிருந்த புல்லும் போயிற்று. சாப்பாட்டுத் தட்டு அளவில் பதினொரு பழுப்பு வட்டங்கள்.

"என்னண்ணே இது, தேமல் மாதிரி?" என்றார் கண்டக்டர்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"நாய் மூத்திரம்."

அவர் நாயின் பெயர் டிக்கெட். அது அப்போது எங்கள் இருவர் காலுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தது.

"டிக்கெட்டா? அது சமத்தாச்சேண்ணே."

"சமத்துக்கும் மூத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரிஞ்ச ஒரு நாய் தினம் இரும்பு கேட்டுல அடிச்சு, ஒரே மாசத்துல கேட்டு இத்து விழுந்துடுச்சு. அப்புறம் அந்த நாயே குறுக்க படுத்து கேட்டு வேலை பார்த்துது."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாய் மூத்திரத்தில் புல் கருகும் என்று அவரும் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். பொய்க்குள் அரைக்கால் உண்மை மாட்டிக்கொண்டால் அதை ஆண்டவனாலும் அசைக்க முடியாது.

அன்றே டிக்கெட்டைக் கொல்லைப்புறத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை அவர் மைத்துனர் வேனில் வந்து, தன் செங்கல் சூளைக்குக் காவலாகக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

"அங்க புல்லே கிடையாது" என்றார், நாய்க்கு நல்லது செய்பவர் போல.

எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து அந்தச் சங்கிலி தெரியும். என்னைக் கண்டதும் டிக்கெட் எழுந்து வாலாட்டும். பொய்சாட்சி சொன்னவனைப் பார்த்துக் குற்றவாளி வாலாட்டி நான் கண்டதில்லை. சோறு இறங்கவில்லை.

"ஏங்க, ரெண்டு நாளா ஒரு பொய்கூட வரல. உடம்பு சரியில்லையா?" என்றாள் என் மனைவி. நெற்றியைத் தொட்டும் பார்த்தாள்.

மூன்றாம் நாள் இரண்டு பாட்டில்களையும் எடுத்துப்போய்க் கண்டக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"டிக்கெட் வாங்காதவன் சொல்லாத கதையா? முப்பது வருஷம் கேட்டவண்ணே நான். நாயைக் காப்பாத்தப் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்க. பெரிய மனசு உங்களுக்கு."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் மத்தியானம் அவர் தூங்கும்போது, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கொல்லும் பாட்டிலைச் சரியாகப் பார்த்து எடுத்தேன். அவருடைய புல்தரையில், இரண்டடி உயர எழுத்தில் எழுதினேன்: நான்தான். புள்ளிகளுக்கு ஆளுக்கு ஒரு பீச்சு. எந்த நாயாலும் இப்படிப் போக முடியாது.

பிறகுதான் வேதனை. மருந்து வேலை செய்ய ஒரு வாரம் ஆகும். வேன் வர ஆறு நாள்தான் இருந்தது. தினமும் வேலிமேல் எட்டிப் பார்த்தேன். புல் பச்சையாகச் சிரித்தது. தப்பாக அடித்தபோது கொன்ற மருந்து, வேண்டுமென்று அடித்தபோது வீம்பு பிடித்தது. சனிக்கிழமை சாயங்காலம் லேசாக மஞ்சள் தட்டியது.

ஞாயிறு காலை வேன் வந்தது. டிக்கெட்டை ஏற்றப் பின்கதவையும் திறந்துவிட்டார்கள். நான் கண்டக்டரின் கையைப் பிடித்து அவர் வீட்டு மொட்டைமாடிக்கு இழுத்துப்போனேன். கீழே நின்றால் மஞ்சள் திட்டு, மேலே நின்றால் எழுத்து. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசித்தார். நாலு எழுத்து வாசிக்க அவ்வளவு நேரம் ஆகக் கூடாது.

"மச்சான், கதவைச் சாத்து. அது எங்கயும் வரல" என்று கீழே பார்த்துக் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பத்து நாளு சங்கிலியில கிடந்துதே, அது என்ன நினைச்சிருக்கும்ணே?"



அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. செத்த புல் இருந்த இடத்தில் முதலில் முளைப்பது களைதான். மழை பெய்ததும் 'நான்தான்' என்பது புளியாரையில் பச்சைப்பசேலென்று எழுந்து நின்றது. மருந்தைத் தொடக்கூடாது என்று அவர் மனைவி வழியாகச் சொல்லியனுப்பினார். தினமும் காலையில் களைக்கொத்தோடு போய் முழங்கால் போட்டுக் கையால் பிடுங்குகிறேன். கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பழைய விசிலை வாயில் வைத்திருப்பார். ஒரு விசில் என்றால் நில். இரண்டு என்றால் போகலாம்.

டிக்கெட் என் காலை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அதற்கு வாசிக்கத் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று ஒரு புளியாரையைப் பிடுங்கிவிட்டு நகர்ந்தேன். ஒரு விசில். திரும்பிப் போய் விரலை விட்டுத் தோண்டினேன். வேர் உள்ளேதான் இருந்தது.